கார் பேட்டரியை வீட்டிலேயே மாற்றும் முறை

தோட்டப்புறங்களில் வாழ்வோர்க்குக் கார் இன்று ஆடம்பரப் பொருளன்று. பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதற்கும், நோயுற்றவரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதற்கும், பட்டணத்தில் சாமான் வாங்கி வருவதற்கும் அதுவே துணை. பேருந்து ஓடும் பெருஞ்சாலையை அடையவே செம்பனைக் காட்டினூடே பல கிலோமீட்டர் மண்பாதையைக் கடக்க வேண்டிய தோட்டங்கள் இந்நாட்டில் உள்ளன. அத்தகைய இடத்தில் ஒரு காலைப்பொழுது, சாவியைத் திருகியும் எஞ்சின் இயங்க மறுத்தால், பட்டறைக்காரரை வரவழைப்பதற்குள் அரைநாள் கழிந்துவிடும். ஆகவே பலர் பேட்டரியைத் தாமே மாற்றிக்கொள்ள முற்படுகின்றனர். இது நம்மால் இயலாத காரியமன்று. ஓரிரு ஸ்பேனர்களும் அரைமணி நேரமும் போதும். ஆனால் எந்தக் கம்பியை முதலில் கழற்றுவது என்ற ஒன்றில் தவறினால் கையும் கண்ணும் கெட நேரலாம்.

பழுது பேட்டரியில்தானா என்பதை முதலில் அறிய வேண்டும். முன்விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருகிப் பாருங்கள். விளக்கு மங்கி, எஞ்சின் பக்கத்திலிருந்து ‘டிக் டிக்’ என்ற ஒலி மட்டும் எழுமாயின், பேட்டரியில் மின்சாரம் குறைந்துவிட்டது எனலாம். விளக்கு சிறிதும் மங்காமல் எஞ்சின் மட்டும் அசையாதிருந்தால் குறை வேறோர் இடத்தில் இருக்கக்கூடும். வோல்ட் அளக்கும் கருவி கையில் இருப்பின் இன்னும் நன்று. முழுமையாக மின்னேற்றம் பெற்ற பேட்டரி, வண்டி ஓய்ந்திருக்கும்போது ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். அவ்வாறு உயராவிட்டால் மின்னேற்றம் செய்யும் ஆல்டர்னேட்டரில் கோளாறு இருக்கலாம். அதைக் கவனியாமல் புதுப் பேட்டரி வாங்கி வைத்தால், அதுவும் சில நாளில் சோர்ந்துவிடும். கடைக்காரரைக் குறை கூறிப் பயனில்லை.

1859ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் காஸ்டன் பிளாண்டே கண்டறிந்த ஈய-அமில மின்கலமே இன்றளவும் நம் கார்களில் பயன்படுகிறது. ஈயத் தகடுகள் நீர் கலந்த கந்தக அமிலத்தில் மூழ்கியிருக்கும் ஆறு அறைகள் சேர்ந்ததே ஒரு பேட்டரி. ஒவ்வோர் அறையும் இரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேல் தருகிறது. பன்னிரண்டு வோல்ட்தானே, என்ன செய்துவிடும் என்று எண்ணுவோர் உளர். உலர்ந்த கையால் தொட்டால் அது தாக்காது என்பது உண்மையே. ஆயினும் அதன் இரு முனைகளையும் ஓர் இரும்புத் துண்டு இணைத்துவிட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் ஒரே கணத்தில் பாய்ந்து, அவ்விரும்பு பழுக்கக் காய்ந்துவிடும். விரலில் கிடக்கும் மோதிரம் அவ்வாறு இடையில் சிக்கினால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். மோதிரம், காப்பு, உலோகக் கைக்கடிகாரம், தொங்கும் சங்கிலி ஆகியவற்றைக் கழற்றி வைத்த பின்னரே இவ்வேலையில் இறங்க வேண்டும்.

மற்றோர் அபாயம் கண்ணுக்குத் தெரியாதது. மின்னேற்றம் பெறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படுகிறது. அதற்கு நிறமோ மணமோ இல்லை. காற்றில் 4 விழுக்காடு கலந்தாலே ஒரு சிறு பொறியால் அது வெடிக்கும். வெடித்தால் அமிலமும் உறையின் சிதறல்களும் முகத்தில் தெறிக்கும். எனவே வண்டியை ஓட்டி நிறுத்திய உடனே வேலையைத் தொடங்காமல் சற்றுப் பொறுத்திருங்கள். மூடிய கொட்டகையைத் தவிர்த்துக் காற்றோட்டமான இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். சிகரெட்டும், அருகில் எரியும் கொசுவத்தியும் கூடா. இருட்டில் தீக்குச்சி கிழித்துப் பார்ப்பவரும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கைவிளக்கு ஒன்று வாங்கிக் கொடுப்பது பெரும் புண்ணியம்.

இனிக் கழற்றும் முறைக்கு வருவோம். எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, கைப்பிரேக்கைப் போடுங்கள். கண்ணாடியும் ரப்பர்க் கையுறையும் அணிந்துகொள்ளுங்கள். பேட்டரியின் மேல் கூட்டல் குறியும் கழித்தல் குறியும் இருக்கும். கூட்டல் குறியுள்ளது நேர்முனை; அதற்குப் பெரும்பாலும் சிவப்பு மூடி உண்டு. கழித்தல் குறியுள்ளது எதிர்முனை. முதலில் கழற்ற வேண்டியது எதிர்முனைக் கம்பியையே.

காரணம் இதுதான். எதிர்முனையிலிருந்து செல்லும் கம்பி காரின் இரும்பு உடலோடு பிணைக்கப்பட்டுள்ளது. ஆகவே காரின் உடல் முழுவதுமே எதிர்முனையாகி நிற்கிறது. இந்நிலையில் ஒருவர் நேர்முனையின் நட்டை முதலில் தளர்த்த முயன்று, ஸ்பேனரின் மறுமுனை காரின் உடலில் எங்கேனும் பட்டுவிட்டால், அந்த ஸ்பேனரே இரு முனைகளையும் இணைத்துவிடும். பொறி பறக்கும், வாயு இருந்தால் வெடிக்கும். எதிர்முனையை முதலில் கழற்றிவிட்டாலோ காரின் உடலுக்கும் பேட்டரிக்கும் உள்ள தொடர்பு அறுந்துபோகிறது. அதன் பிறகு நேர்முனையைத் தளர்த்தும்போது ஸ்பேனர் உடலில் பட்டாலும் தீங்கில்லை. ஆனால் இரு முனைகளையும் ஒருசேரத் தொடும்படி ஸ்பேனரைப் பேட்டரியின் மேல் வைத்துவிடலாகாது. ஒரு காலத்தில் நம் சாலைகளில் ஓடிய பழைய பிரிட்டிஷ் கார்கள் சிலவற்றில் நேர்முனையே உடலோடு இணைந்திருந்தது. அத்தகைய காரை இன்னும் பேணி வருவோர், உடலோடு இணைந்த கம்பி எதுவோ அதையே முதலில் கழற்ற வேண்டும்.

கழற்றிய கம்பிகள் மீண்டும் முனைகளில் விழாதவாறு துணி சுற்றி ஒதுக்கிவிட்டு, பேட்டரியை இருத்தி வைத்திருக்கும் சட்டத்தை எடுங்கள். சிறு கார்களின் பேட்டரியே பத்துக் கிலோ வரை இருக்கும். சாய்க்காமல், இரு கைகளாலும் நேராகத் தூக்குங்கள்.

புதியது வாங்கும்போது பழையதை எடுத்துச் சென்று ஒப்பிடுவதே சிறந்தது. என்.எஸ். 40, என்.எஸ். 60 என அளவுகள் பல உள்ளன. அளவு ஒன்றாயிருந்தும் நேர்முனை இடப்பக்கம் இருப்பதும் வலப்பக்கம் இருப்பதுமாக வகை மாறும். மாறிய வகையை வாங்கிவிட்டுக் கம்பியை இழுத்து மாட்ட முயல்வது, முனைகளைத் தலைமாற்றி இணைப்பதில் போய் முடியும். அதனால் காரின் மின்னணுக் கருவிகள் கெட்டுவிடும். நிற்குமிடத்தில் எஞ்சின் தானே அணைந்து தானே இயங்கும் கார்களுக்குத் தனிவகைப் பேட்டரி தேவை. மலிவு கருதிச் சாதாரணப் பேட்டரியை அதில் வைத்தால் விரைவில் பழுதாகும்.

கம்பியின் பிடிகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் துகளைச் சோடா மாவு கரைத்த நீரால் துடைத்து உலர்த்துங்கள். மாட்டும்போது வரிசை தலைகீழாகும்: நேர்முனை முதலில், எதிர்முனை கடைசியில். பிடி கையால் அசைத்தால் அசையாத அளவுக்கு இறுகினால் போதும். அதற்கு மேல் முறுக்கினால் ஈயமுனை உடையும். சட்டத்தையும் மறவாமல் பூட்டுங்கள். தோட்டச் சாலையின் குண்டு குழிகளில் ஆடும் பேட்டரி நெடுநாள் உழைக்காது. வானொலியும் கடிகாரமும் தம் நினைவை இழந்திருக்கலாம், அது கோளாறன்று.

ஹைபிரிட் கார்களிலும் மின்சாரக் கார்களிலும் ஆரஞ்சு நிற உறையிட்ட கம்பிகள் உயிரைப் போக்கும் அழுத்தம் உடையவை. அவற்றைப் பயிற்சி பெற்றவரிடமே விட்டுவிடுங்கள்.

ரப்பர்ப் பாலை உறையவைக்கும் அமிலத்தைக் கையாண்ட நம்மவர்க்கு அமிலம் புதிதன்று. ஆயினும் கந்தக அமிலம் கண்ணில் பட்டால் தாமதம் சிறிதும் கூடாது. உடனே குழாய் நீரை மெல்ல ஓடவிட்டு, இமையை விரித்துப் பிடித்து, குறைந்தது இருபது நிமிடம் கழுவிய பிறகே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். கழுவாமல் வண்டியேறினால் வழியிலேயே கண் வெந்துவிடும். இதனால் வேலை தொடங்கும் முன்பே ஒரு வாளி நீரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். தோலில் பட்டாலும் கழுவுவதே முதலுதவி. துணியில் பட்டிருந்தால் அதைக் களைந்துவிடுங்கள்.

எஞ்சியது பழைய பேட்டரி. அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயமே. மீன்வலைக்குக் குண்டு வார்க்கவென்று அதை உடைத்து, வீட்டுப் பின்புறத்தில் ஈயத்தை உருக்குவோர் சிலர் உண்டு. அவ்வீயத்தூள் மண்ணில் படிந்து, அங்கு விளையாடும் பிள்ளைகளின் வாய்வழியே உடலுக்குள் சென்று மூளையைக் கெடுக்கிறது. செனகல் நாட்டின் தலைநகர் டாக்காருக்கு அருகே, பழைய பேட்டரிகளிலிருந்து ஈயம் பிரித்த ஒரு குடியிருப்பில் 2007, 2008ஆம் ஆண்டுகளில் 18 குழந்தைகள் மாண்டனர். மலேசியாவில் 2005ஆம் ஆண்டின் விதிமுறைகளின்படி ஈய-அமிலப் பேட்டரி, திட்டமிட்டுக் கையாள வேண்டிய கழிவுகளில் ஒன்றாகும். அதைக் கால்வாயிலோ குப்பை மேட்டிலோ எறிவது தகாது. உடைக்காமல், அமிலத்தைக் கொட்டாமல், நிமிர்த்தி வைத்தபடி புதுப் பேட்டரி வாங்கும் கடையிலேயே கொடுத்துவிடுங்கள். பெரும்பாலான கடைக்காரர்கள் அதற்கு ஈடாக விலையில் சில வெள்ளி குறைத்துக் கொள்வார்கள். பணம் கொடுக்கும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.