பெட்டிக்குள் ஒரு கறுப்பு முகம்: எண்பதுகளின் பாப் வீடியோக்கள் பற்றிச் சில குறிப்புகள்

லண்டனில் ஒரு வீடு. கட்டிலில் போர்வைக்கடியில் ஏதோ உதைத்துக்கொள்கிறது. இடுப்புக்கு மேல் ஒன்றுமே இல்லாத கால்கள் தாளத்துக்கு நடை போடுகின்றன. வெளிறிய பொம்மைகள் தலையை ஆட்டுகின்றன. மனிதர் யாரும் இல்லை. ஒருவர் மட்டும் உண்டு. அவரும் தொலைக்காட்சிப் பெட்டிக்குள்தான் இருக்கிறார், கீபோர்ட் வாசித்தபடி. பாட்டுக்குச் சொந்தக்காரர் அவர்: ஹெர்பி ஹான்காக். 1983இல் வந்த ‘ராக்கிட்’. கடைசியில் அந்தப் பெட்டி வாசலுக்கு வெளியே நடைபாதையில் போட்டு உடைக்கப்படுகிறது.

முதல்முறை பார்த்தபோது ‘என்ன கிறுக்குத்தனம்டா இது’ என்று சிரித்தேன். இரண்டாம் முறை சிரிப்பு வரவில்லை. அது ஏன் என்று எனக்கு நானே விளக்கிக்கொள்வதுதான் இக்கட்டுரை.

கிறுக்குத்தனத்திற்கு ஒரு பொருளாதாரம் உண்டு. எம்டிவி 1981 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் தொடங்கியது. ரேடியோ நட்சத்திரத்தை வீடியோ கொன்றுவிட்டதாகச் சொல்லும் பகிள்ஸ் குழுவின் பாட்டுதான் முதலில் ஒளிபரப்பானது. சேனலுக்குச் சரக்கு கிட்டத்தட்ட ஓசி. கம்பெனிக்காரன் இசைத்தட்டு விற்கப் படம் எடுத்துக் கொடுத்தான், சேனல்காரன் ஓட்டினான். ஆக ஒவ்வொரு வீடியோவும் ஒரு விளம்பரம். ஆனால் சோப்பு விளம்பரத்தில் சோப்பைக் காட்டியே ஆகவேண்டும். இங்கே விற்கும் சரக்கு காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. எனவே கண்ணுக்கு எதையும் காட்டலாம். கதை வேண்டாம், அர்த்தம் வேண்டாம், மறுபடி பார்க்க வைத்தால் போதும். ‘ஆஷஸ் டு ஆஷஸ்’ஸில் (1980) டேவிட் போவி கோமாளி வேடத்தில் கடற்கரையில் நடக்க, பின்னால் ஒரு புல்டோசர் வருகிறது. ‘ஸ்லெட்ஜ்ஹாமர்’ஸில் (1986) பீட்டர் கேப்ரியலின் முகம் ஒவ்வொரு சட்டகமாக நகர்த்தி எடுக்கப்பட்டிருக்கிறது, உரித்த கோழிகள் நடனமாடுகின்றன. சர்ரியலிஸ்டுகள் பல பத்தாண்டுகளுக்கு முன் செய்த கலகம் நாலு நிமிடத்தில் வரவேற்பறைக்குள் வந்துவிட்டது. சந்தை இதைத் தாராளமாக அனுமதித்தது.

யாருக்கு அனுமதித்தது என்பதுதான் கேள்வி.

தொடக்க ஆண்டுகளில் எம்டிவியில் கறுப்பினக் கலைஞர்களைக் காண்பது அரிது. ‘நாங்கள் ராக் சேனல்’ என்பது அவர்கள் சொன்ன காரணம். ராக் இசையின் வேர் கறுப்பர்களின் புளூஸ் என்பது அந்த வாக்கியத்தில் சௌகரியமாக மறைந்துவிடும். தன் பாடலை ஒளிபரப்ப மறுத்ததை ரிக் ஜேம்ஸ் வெளிப்படையாகக் கண்டித்தார். 1983இல் தன்னைப் பேட்டி கண்ட எம்டிவி தொகுப்பாளரிடமே போவி இதைக் கேட்டார். சிறுநகரப் பார்வையாளர்கள் மிரண்டுபோவார்கள் என்கிற தினுசில் பதில் வந்தது. ஆக மிரட்சி உண்டாக்கும் உடல் எது என்பது முன்பே முடிவாகியிருக்கிறது. தலையில்லாத கால்கள் நடந்தால் மிரளாதவர்கள், ஒரு கறுப்பு மனிதன் முழுசாக நடந்தால் மிரள்வார்களாம்!

இந்தப் பின்னணியில் ‘ராக்கிட்’டைத் திரும்ப வாசிப்போம். ஹான்காக் சாதாரண ஆள் இல்லை. 1963இலேயே மைல்ஸ் டேவிஸின் குழுவில் வாசித்தவர். இயக்கிய கெவின் காட்லி, லால் க்ரீம் இருவரும் வெள்ளையர். எந்திர பொம்மைகள் ஜிம் வைட்டிங் செய்தவை. வீடு பொம்மைகளுக்கு, இசைத்தவருக்குப் பெட்டி. வேண்டுமென்றே செய்தார்களா என்பது என் அக்கறை அல்ல. பிரதி தான் அறிந்ததைவிட அதிகமாகப் பேசிவிடுகிறது. கறுப்பரின் ஒலி வீடு முழுக்க நிரம்பலாம், உடல் மட்டும் திரையைத் தாண்டக் கூடாது என்ற நிபந்தனையை ஒரு வீட்டின் வரைபடமாகவே அது வரைந்து காட்டுகிறது.

அதே 1983இல் எம்டிவியின் கதவைத் திறந்ததாகச் சொல்லப்படும் மைக்கேல் ஜாக்சனின் ‘பில்லி ஜீன்’ வீடியோவைப் பாருங்கள். ஒருவன் அவரைப் படம்பிடிக்கத் துரத்துகிறான். படத்தில் அவர் விழுவதே இல்லை. போர்வைக்குள் நுழைந்தவர் காணாமல் போகிறார். உள்ளே வந்த இருவருமே ஏதோ ஒருவகையில் தங்களை மறைத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

‘ரொம்பத்தான் துருவுகிறாய், வெள்ளைக்காரர்களின் வீடியோவிலும் உடல் சிதையத்தானே செய்கிறது’ என்று நண்பர் ஒருவர் சொன்னார். நியாயமான மறுப்பு. டாக்கிங் ஹெட்ஸின் ‘ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்’ வீடியோவுக்காக டேவிட் பைர்னும் டோனி பேசிலும் சாமியாடுபவர்கள், போதகர்கள் ஆகியோரின் ஆவணப்படங்களைப் பார்த்து அசைவுகளை எடுத்தார்கள். பைர்னின் உடல் வெட்டிவெட்டி இழுக்கிறது. அற்புதமான வீடியோ, மறுக்கவில்லை. ஆனால் அங்கே ஒரு வெள்ளை உடல் பிறருடைய ஆவேசத்தைத் தன்மேல் ஏற்றிக்கொண்டு திரையின் நடுவில் நிற்கிறது. சிதைவது அதற்கு ஒரு விளையாட்டு, விரும்பினால் திரும்பிவிடலாம். நடுவில் நிற்கவே முடியாதவனுக்குச் சிதைவு விளையாட்டாகுமா?

இருந்தும் ‘ராக்கிட்’ வெறும் தோல்வி இல்லை. அதில் கிராண்ட் மிக்ஸர் டி.எஸ்.டி. இசைத்தட்டைக் கையால் முன்னும் பின்னும் தேய்த்து எழுப்பும் ஒலி இருக்கிறது. எழுபதுகளில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், ஏழைக் கறுப்பின இளைஞர்கள் இசைத்தட்டுச் சுழலியையே வாத்தியமாக்கிக் கண்டுபிடித்த முறை அது. கேட்பதற்கென்று விற்கப்பட்ட கருவியை வாசிப்பதற்கான கருவியாக மாற்றிவிட்டார்கள். வீடியோவின் வெட்டுகளும் அந்தத் தேய்ப்பையே பின்பற்றுகின்றன. பொம்மைகள் முன்னும் பின்னும் இழுபடுகின்றன. கேமரா உள்ளே விடாத பிராங்க்ஸ், படத்தொகுப்பின் தாளமாக அந்த வீட்டை ஆட்டிவைக்கிறது.

1984இல் நடந்த முதல் எம்டிவி வீடியோ விருது விழாவில் ‘ராக்கிட்’ ஐந்து விருதுகள் வாங்கியது. பெட்டி உடைந்தது பற்றி நான் இன்னும் முடிவுக்கு வரவில்லை. அது அந்த முகத்தை நொறுக்கும் செயலா, அல்லது வெளியே வர வேறு வழியில்லாததால் பெட்டியையே உடைப்பதா? வீடியோவைப் பார்ப்பவர்கள் அந்தக் கடைசிக் காட்சியை மட்டும் இரண்டுமுறை பார்க்கட்டும்.