வங்க அச்செழுத்து: வரலாறும் வடிவமும்

செய்தித்தாளைப் படிப்பவர் செய்தியைப் பார்க்கிறாரே அன்றி எழுத்தின் உருவத்தைப் பார்ப்பதில்லை. அச்செழுத்து தன் பணியைச் செவ்வனே செய்கிறது என்பதற்கு அதுவே சான்று. ஆயினும் அந்த உருவத்திற்குப் பின்னால் உலோகவியல், எந்திரவியல், மொழியியல், வணிகக் கணக்கு ஆகிய அனைத்தும் அடங்கியிருக்கின்றன. வரைகலை வடிவமைப்பைப் பயிலும் மாணவர்கள் ஓர் அச்செழுத்தை எடுத்துக்கொண்டு அதன் பிறப்பையும் இயல்புகளையும் ஆராய்வது வழக்கம். பொதுப் பணத்தில் படிவங்களும் பாடநூல்களும் அச்சிடும் அலுவலர்களுக்கும் இந்த ஆராய்ச்சியால் பயனுண்டு. அதற்கு வங்க அச்செழுத்து பொருத்தமான எடுத்துக்காட்டாகும். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வங்க மொழியைத் தாய்மொழியாகக் கொண்டோர் 9.72 கோடிப் பேர். சிற்சில வேறுபாடுகளுடன் அசாமிய மொழியும் இதே எழுத்தில்தான் எழுதப்படுகிறது.

எழுத்தின் இயல்பு

வங்க எழுத்துகள் தேவநாகரியைப் போல ஒரு மேற்கோட்டிலிருந்து தொங்குகின்றன. இக்கோட்டினை வங்காளிகள் 'மாத்ரா' என்பர். சில எழுத்துகளுக்கு இக்கோடு முழுமையாக உண்டு, சிலவற்றுக்குப் பாதி, சிலவற்றுக்கு அறவே இல்லை. இது வெறும் அலங்காரம் என்று கருதிவிடலாகாது. மேற்கோடு இல்லாத ஓர் உருவம் 'ஏ' என்னும் உயிரெழுத்தாகும். ஏறத்தாழ அதே உருவத்தின் தலையில் கோடிட்டால் அது 'த்ர' என்னும் கூட்டெழுத்தாகிவிடும். 'ஓ' என்னும் உயிருக்கும் 'த்த' என்னும் கூட்டெழுத்துக்கும் இடையே உள்ள வேறுபாடும் இத்தகையதே. ஆகவே அச்சில் இக்கோடு சற்றே தேய்ந்தாலும் படிப்பவர் தடுமாறுவார்.

உயிர்க்குறிகள் மெய்யெழுத்தின் நாற்புறமும் அமைகின்றன. நம் 'கெ' என்பதிற்போல ஏகாரக் குறி இடப்புறம் நிற்கும். 'கொ' என்பதிற்போல ஓகாரக் குறி இருபுறமும் நிற்கும். ஆனால் தமிழில் வலப்புறம் அமையும் இகரக் குறி வங்கத்தில் இடப்புறம் நின்று, ஒரு வளைவை மெய்யின் தலைக்கு மேலாக நீட்டுகிறது. உகரக் குறி மெய்யின் அடியில் கொக்கிபோல் தொங்குகிறது. மெய்யெழுத்துகள் இரண்டோ மூன்றோ சேரும்போது புதிய கூட்டெழுத்துகள் பிறக்கின்றன. தமிழில் வழங்கும் கிரந்த எழுத்தாகிய 'க்ஷ' என்பதில் ககரமும் ஷகரமும் கண்ணுக்குத் தெரிகின்றன. வங்கத்தின் 'க்ஷ' உருவத்தில் அவ்விரண்டையும் பிரித்தறிய முடியாது. அதனைத் தனி எழுத்தாகவே கற்றுக்கொள்ள வேண்டும். இத்தகைய கூட்டெழுத்துகள் வங்கத்தில் பல உள்ளன.

உலோகத்தில் முதல் எழுத்து

வங்க எழுத்தை உலோகத்தில் வார்க்க இங்கிலாந்தில் செய்யப்பட்ட முயற்சி வெற்றி பெறவில்லை. 1778ஆம் ஆண்டில் ஹூக்ளியில் அச்சான ஹால்ஹெட் என்பாரின் வங்க மொழி இலக்கணமே, வார்ப்பெழுத்துகளைக் கொண்டு வங்கத்தை அச்சிட்ட முதல் நூலாகப் போற்றப்படுகிறது. நூலின் நடை ஆங்கிலம். எடுத்துக்காட்டுகள் வங்க எழுத்தில் அமைந்தவை. எழுத்துகளைச் செய்தவர் கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியரான சார்லஸ் வில்கின்ஸ். உலோகம் தேர்வது, செதுக்குவது, வார்ப்பது, அச்சிடுவது ஆகிய நான்கு தொழில்களையும் அவரே மேற்கொள்ள நேர்ந்தது என்று நூலின் முன்னுரை புகழ்கிறது. எனினும் அவருக்குத் துணைநின்ற பஞ்சானன் கர்மகார் என்னும் வங்கக் கைவினைஞரின் பங்கினை வரலாறு பின்னர் ஏற்றுக்கொண்டது. ஐரோப்பியருக்குத் தொழில்நுட்பம் தெரிந்திருக்கலாம். வளைவு எங்கே தடிக்க வேண்டும், எங்கே மெலிய வேண்டும் என்பதை அறிய அவ்வெழுத்தோடு பழகிய கண் வேண்டும் அன்றோ?

தொடக்கக் காலத்தில் இவ்வெழுத்தின் பெரிய வாடிக்கையாளர் நிருவாகமே என்பதும் கருதத்தக்கது. 1793ஆம் ஆண்டின் கார்ன்வாலிஸ் சட்டத் தொகுப்பு வங்கத்தில் பெயர்க்கப்பட்டு அச்சாயிற்று. 1800இல் செராம்பூரில் கேரி முதலியோர் நிறுவிய அச்சகத்தில் பஞ்சானனும், அவருக்குப் பின் அவர் மருமகன் மனோகரும் எழுத்து வெட்டும் பணியைத் தொடர்ந்தனர். எழுத்துகள் படிப்படியாகச் சிறுத்தன. எழுத்துச் சிறுத்தால் தாள் குறையும். தாள் குறைந்தால் விலை குறையும்.

அச்சுக் கோப்போரின் சுமை

கையால் அச்சுக் கோக்கும் முறையில் வங்கத்துக்கு 500க்கும் மேற்பட்ட தனித்தனி உருக்கள் தேவைப்பட்டன. ஆங்கிலம் கோப்பவர் நின்ற இடத்திலேயே கை நீட்டி எழுத்தை எடுத்துவிடுவார். வங்கம் கோப்பவருக்கு முன்னும் பக்கங்களிலும் அறைப்பெட்டிகள் சூழ்ந்திருக்கும். எந்த உரு எந்த அறையில் என்பதை மனத்தில் இருத்தவே நீண்ட பயிற்சி வேண்டும். 'வர்ண பரிசய' என்னும் அரிச்சுவடியை 1855இல் வெளியிட்ட ஈசுவர சந்திர வித்தியாசாகர் அச்சகம் நடத்தியவருமாவார். அறைப்பெட்டிகளில் எழுத்துகளை அடுக்க அவர் வகுத்த முறை அவர் பெயராலேயே அச்சுத் தொழிலில் வழங்கிற்று. சமூகச் சீர்திருத்தவாதியாக அவரை அறிந்த நம்மில் பலர் இந்தப் பணியை அறியார்.

1935: எந்திரத்தின் நிபந்தனை

மெர்கெந்தாலர் கண்டுபிடித்த லைனோடைப் எந்திரம் 1886இல் நியூயார்க்கில் ஒரு நாளிதழில் பணியைத் தொடங்கிற்று. விசையை அழுத்தியதும் பித்தளை அச்சுவார்ப்பு ஒன்று பெட்டகத்திலிருந்து இறங்கி வரிசையில் சேரும். வரி நிறைந்ததும் உருகிய ஈயக்கலவை பாய்ந்து முழு வரியும் ஒரே கட்டியாக வார்க்கப்படும். வார்ப்புகள் தம் பற்களின் அமைப்பினால் இனம் பிரிக்கப்பட்டுத் தத்தம் இடத்துக்குத் திரும்பும். கையால் கோப்பதைவிட இது பன்மடங்கு விரைவானது. ஆனால் முதன்மைப் பெட்டகத்தில் 90 தடங்களே உண்டு. பக்கப் பெட்டகம் ஒன்றை இணைத்தால் இன்னும் 34. ஆக மொத்தம் 124. 500க்கு மேற்பட்ட உருக்களை இதற்குள் அடக்குவது எங்ஙனம்?

கல்கத்தாவில் ஆனந்த பஜார் பத்திரிகையைச் சேர்ந்த சுரேஷ் சந்திர மஜும்தார் இதற்கு விடை கண்டார். எழுத்தாளரும் வேதியியல் வல்லுநருமான ராஜசேகர் பாசு அவருக்குத் துணைநின்றார். 1935இல் அந்நாளிதழ் வங்க லைனோவில் அச்சாகத் தொடங்கிற்று. கூட்டெழுத்துகளைப் பிரித்து, முற்பாதி உருவையும் பிற்பாதி உருவையும் அடுத்தடுத்து நிறுத்தியதே அவர்கள் கையாண்ட உத்தி. ஒரே முற்பாதி பல பிற்பாதிகளோடு சேர முடிந்ததால் உருக்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது.

எந்திரத்திற்கு இன்னொரு நிபந்தனையும் இருந்தது. ஓர் எழுத்தின் எந்தப் பகுதியும் அதன் வார்ப்பின் எல்லையைத் தாண்டி அடுத்த எழுத்தின் மேலோ கீழோ நீள முடியாது. அடியில் தொங்க வேண்டிய உகரக் குறி ஆகவே பக்கத்தில் ஒதுங்கி நின்றது. தலைக்கு மேல் வளைய வேண்டிய இகரக் குறியின் வளைவு குறுகிப்போயிற்று. மெய்யின் தலையில் அமர வேண்டிய ரகர ஒற்றின் குறியும் வலப்புறம் நகர்ந்தது.

எழுத்துச் சிக்கனத்தோடு மொழிச் சீர்திருத்தமும் கைகோத்து வந்தது. கல்கத்தாப் பல்கலைக்கழகம் அமைத்த எழுத்துக்கூட்டல் குழுவிற்கும் ராஜசேகர் பாசுவே தலைவர். அக்குழு 1936இல் வெளியிட்ட விதிகள், ரகர ஒற்றுக்குப் பின்வரும் மெய்யை இரட்டித்து எழுதும் பழக்கத்தைக் கைவிடச் செய்தன. 'கர்ம்ம' என்று எழுதப்பட்டது 'கர்ம' ஆயிற்று. இதனால் பல மூவெழுத்துக் கூட்டுகள் தேவையற்றுப்போயின. அதே 1935ஆம் ஆண்டில்தான் தமிழகத்தில் பெரியார் தம் இதழ்களில் 'ணா', 'னை' முதலியவற்றின் எளிய வடிவங்களைக் கையாளத் தொடங்கினார். தமிழ்நாடு அரசு அவற்றை 1978இல் ஏற்றது. இரண்டு இடங்களிலும் அச்சகத்தின் வசதி ஒரு காரணமாக இருந்தது.

யார் கணக்கில் எழுதுவது?

பொருளாதாரம் பயின்றவர்களுக்கு இங்கே ஒரு பழைய பாடம் நினைவுக்கு வரும். எந்திரத்தால் விளைந்த ஆதாயம் அச்சகத்தின் பேரேட்டில் தெளிவாகப் பதிவாகிறது: கோக்கும் நேரம் குறைகிறது, செய்தி முந்துகிறது, விற்பனை பெருகுகிறது. சிதைந்த உருவைப் படிப்பவரின் கண் ஒவ்வொரு வரியிலும் ஒரு கணம் தயங்கினால், அந்தச் செலவு எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. பழகியவருக்கு அது பொருட்டன்று. புதிதாக எழுத்தறிவு பெற்றவருக்கு அப்படியல்ல. கையெழுத்தில் அடியில் தொங்கும் குறியை அச்சில் பக்கத்தில் கண்டால் அவர் இரண்டையும் தனித்தனியே கற்க வேண்டும்.

இதனால் 1935ஆம் ஆண்டின் ஏற்பாட்டைக் குறைகூறுவது முறையாகாது. லைனோ வந்திராவிடில் வங்க நாளிதழ்கள் ஆங்கில நாளிதழ்களோடு விரைவில் போட்டியிட்டிருக்க இயலாது. மேலும், கூட்டெழுத்துகளைப் பிரித்து நிறுத்தியதில் ஒரு நன்மையும் விளைந்தது. உள்ளடங்கிய எழுத்துகள் சில இடங்களில் முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தன. எந்திரம் கட்டாயப்படுத்திய அனைத்தும் தீங்கென்பது என் கருத்தன்று.

1978க்குப் பின்

ஈய வார்ப்பு மறைந்து, ஒளியச்சுக் கோப்பும் கணிப்பொறியும் வந்தபோது பழைய நிபந்தனைகள் பெரும்பாலும் நீங்கின. ஆயினும் லைனோவின் உருக்களை அப்படியே புதிய கருவிக்கு மாற்றியிருந்தால், காரணம் மறைந்த பின்னும் குறை நீடித்திருக்கும். அவ்வாறு நேராதபடி, பிரிட்டனில் இருந்த லைனோடைப் நிறுவனத்தில் டிம் ஹாலோவே, ஃபியோனா ராஸ் ஆகிய இருவர் 1978 முதல் 1982 வரை புதிய வங்க அச்செழுத்தொன்றை உருவாக்கினர். ஆனந்த பஜார் பத்திரிகை அதனைப் பயன்படுத்திற்று. 'லைனோடைப் வங்கம்' எனப் பெயர் பெற்ற அந்த எழுத்தே வடிவமைப்பு மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டியது.

இதில் மேற்கோடு எழுத்துக்கு எழுத்து இடைவெளியின்றித் தொடர்கிறது; கோடு இல்லாத இடத்தில் அதன் இன்மையும் தெளிவாகப் புலப்படுகிறது. உகரக் குறி மீண்டும் மெய்யின் அடிக்குச் சென்றது. பேனா முனையால் எழுதும்போது தோன்றும் தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் இடையிலான வேறுபாடு காக்கப்பட்டது. இகரக் குறியின் வளைவைப் பற்றி ஒரு சொல்: மெய்யெழுத்துகள் அகலத்தில் வேறுபடுவதால், ஒரே அளவான வளைவு அகன்ற எழுத்துக்குப் போதாது, ஒடுங்கிய எழுத்தில் மிகுந்துவிடும். வளைவின் முனை சரியான தண்டின் மேல் இறங்குகிறதா என்பதைக் கொண்டே ஒரு வங்க எழுத்தின் தரத்தை ஓரளவு மதிப்பிட்டுவிடலாம்.

விசைப்பலகையிலும் மாற்றம் நிகழ்ந்தது. முன்னர்க் கோப்பவர் உருவத்தைத் தேடி விசையை அழுத்தினார். இப்போது ஒலியின் வரிசையில் அழுத்தினால் போதும். எந்தக் கூட்டெழுத்து வேண்டும், குறி எப்புறம் நிற்க வேண்டும் என்பதைக் கணிப்பொறியின் நிரலே தீர்மானிக்கிறது. மனிதனின் நினைவிலிருந்த 500 அறைகளும் எந்திரத்தின் நினைவுக்கு மாறின.

1991இல் வெளிவந்த இந்திய எழுத்துக்களுக்கான தகவல் பரிமாற்றத் தரமும், அதே ஆண்டின் யூனிகோடும் இந்தக் கோட்பாட்டையே பின்பற்றின: சேமிக்கப்படுவது ஒலியன், உருவத்தைத் தருவது எழுத்துரு. இந்தப் பொது விதிக்கு விலக்குகளும் தேவைப்பட்டன. சொல்லிறுதியில் வரும் தகர ஒற்றுக்கு வங்கத்தில் 'கண்ட-த' என்னும் தனி உரு உண்டு. அதற்குத் தனிக் குறியீடு கிடைக்க 2005 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

கூட்டெழுத்தை எப்படிக் காட்டுவது என்னும் வினா மட்டும் இன்னும் ஓயவில்லை. 1990களில் மேற்கு வங்கத்தின் வங்க மொழி அகாதமி, உள்ளிருக்கும் எழுத்துகள் தெரியும்படியான வெளிப்படையான கூட்டெழுத்துகளைப் பரிந்துரைத்தது. சிறுவர் பாடநூல்களில் அவை இடம்பெற்றன. குழந்தைக்கு எளிது என்பது ஒரு கட்சி. பள்ளிக்கு வெளியே நாளிதழிலும் பெயர்ப்பலகையிலும் வேறு உருவைக் காணும் குழந்தை இருமுறை கற்க நேரும் என்பது மறு கட்சி. 1935இல் இந்த முடிவை எந்திரம் எடுத்தது. இப்போது இரண்டு உருக்களையும் ஒரே எழுத்துருவில் வைக்க முடியுமாதலால், முடிவு கல்வியாளரிடம் வந்திருக்கிறது.

வங்கத்தில் படிவமோ அறிவிப்போ அச்சிட எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும் அலுவலர், கணினித் திரையில் பெரிதாகத் தெரியும் மாதிரியைக் கொண்டு முடிவு செய்தல் கூடாது. படிவத்தில் வரப்போகும் அதே சிறிய அளவில், அதே மலிவான தாளில், 'ஏ'யும் 'த்ர'வும், 'ஓ'வும் 'த்த'வும் அடங்கிய சொற்களை அச்சிட்டு, அண்மையில் எழுத்தறிவு பெற்ற ஒருவரிடம் படிக்கக் கொடுக்கலாம். அவர் எந்த இடத்தில் நிறுத்துகிறார் என்பதைக் குறித்துக்கொண்டால் போதும்.