ரூபாயின் சரிவு: பெங்களூருவில் யாருக்கு வரவு, யாருக்குச் செலவு?

பெங்களூரு: ஒரு டாலருக்கு 90 ரூபாய் என்ற அளவை 2025 டிசம்பரில் முதன்முறையாகத் தாண்டியது இந்திய நாணயத்தின் சரிவு. இந்தச் சரிவை ஒரே குரலில் குறைகூற முடியாத நகரம் பெங்களூரு. இங்குள்ள மென்பொருள் நிறுவனங்கள் டாலரில் ஈட்டி, ஊதியத்தையும் வாடகையையும் ரூபாயில் கொடுக்கின்றன. ரூபாய் சரிந்தால் அவற்றின் வரவு கூடும். அதே நகரில், பிள்ளைகளை அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பிய பெற்றோருக்கும், இறக்குமதிப் பொருள்களை நம்பியிருக்கும் பீன்யா பகுதிச் சிறுதொழில் முனைவோருக்கும் செலவு கூடும்.

விடுதலை பெற்றபோது ஒரு டாலர் ஒரு ரூபாய்தான் என்று அரசியல் மேடைகளில் அடிக்கடி கூறப்படுகிறது. அது உண்மையன்று. 1947-ல் ரூபாய் பிணைக்கப்பட்டிருந்தது பிரிட்டிஷ் பவுண்டுடன், டாலருடன் அல்ல. ஒரு பவுண்டு 13.33 ரூபாய், அதுவே 4.03 டாலர். கணக்கிட்டால் ஒரு டாலர் ஏறத்தாழ 3.30 ரூபாய்.

இன்னொன்றும் இன்று மறக்கப்பட்டுவிட்டது. ஒரு ரூபாய்க்கு 18 பென்ஸ் என்று 1927-ல் ஆங்கிலேய அரசு சட்டம் இயற்றியபோது, 16 பென்ஸ் போதும் என்று வாதிட்டவர்கள் இந்தியத் தேசியவாதிகளே. ரூபாயின் மதிப்பைச் செயற்கையாக உயர்த்தினால் பிரிட்டிஷ் சரக்கு மலிவாகும். இந்திய உழவரும் ஆலைகளும் நசுங்குவர் என்பது அவர்கள் வாதம். வலுவான ரூபாயே நாட்டின் பெருமை என்ற எண்ணம் அன்று அவர்களிடம் இல்லை.

காமராஜரின் எதிர்ப்பு

1949 செப்டம்பரில் பவுண்டின் மதிப்பு குறைக்கப்பட்டபோது ரூபாயும் உடன் இறங்கியது, டாலர் 4.76 ரூபாயானது. அடுத்த பதினாறு ஆண்டுகளுக்கு மேல் அதே நிலை நீடித்தது. போர்ச் செலவு, வறட்சி, வெளிநாட்டு உதவிக்கான நிபந்தனை ஆகியவற்றின் நெருக்கடியில், 1966 ஜூன் 6-ல் இந்திரா காந்தி அரசு டாலரின் விலையை 7.50 ரூபாயாக்கியது. காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜர் இம்முடிவைக் கடுமையாக எதிர்த்தார். கட்சித் தலைமைக்கும் பிரதமருக்கும் இடையிலான விரிசலை அது ஆழமாக்கியது. மறு ஆண்டுத் தேர்தலில் தமிழகம் உள்படப் பல மாநிலங்களில் காங்கிரஸ் ஆட்சியை இழந்ததற்கு விலைவாசி உயர்வும் ஒரு காரணம்.

அடுத்த பெரும் நெருக்கடி 1991-ல் வந்தது. சில வார இறக்குமதிக்கே போதுமான அந்நியச் செலாவணி கையிருப்பில் இருந்தது. ஜூலை 1, 3 ஆகிய இரு நாள்களில் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. சுமார் 21 ரூபாயாக இருந்த டாலர் 26 ரூபாயை நெருங்கியது. அதே மாதத்தில் ரிசர்வ் வங்கியின் சுமார் 47 டன் தங்கம் இங்கிலாந்து, ஜப்பான் மத்திய வங்கிகளிடம் கடனுக்கு ஈடானது. 1993 மார்ச் முதல், ரூபாயின் விலையைச் சந்தையே நிர்ணயிக்கும் முறை வந்தது. அரசு நாள் குறித்து மதிப்பைக் குறைப்பது அத்துடன் நின்றது. தேவைப்படும்போது ரிசர்வ் வங்கி டாலரை வாங்கியும் விற்றும் தலையிடுகிறது.

ஊதியம் உயர்ந்ததா?

பெங்களூருவின் மென்பொருள் ஏற்றுமதி வேகம்பெற்றது இக்காலத்தில்தான். ஆனால் ரூபாயின் சரிவு மட்டும் அதற்குக் காரணமன்று. 1909-ல் தொடங்கிய இந்திய அறிவியல் கழகமும், எச்ஏஎல், பிஇஎல் போன்ற பொதுத்துறை நிறுவனங்களும் வளர்த்த பொறியியல் திறனே அடித்தளம். 1985-லேயே டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் இங்கு வந்துவிட்டது.

2007-ல் காற்று திசைமாறியது. ஆண்டுத் தொடக்கத்தில் 44 ரூபாயாக இருந்த டாலர், ஆண்டு முடிவில் 40 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. மென்பொருள் நிறுவனங்களின் லாபவிகிதம் சுருங்கியது. திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியாளர்களும் தவித்தனர். மத்திய அரசு சலுகைகளை அறிவிக்க நேர்ந்தது. 2013 ஆகஸ்டில் டாலர் 68 ரூபாயைத் தாண்டியபோது கூக்குரல் எதிர்த்திசையிலிருந்து எழுந்தது.

ஆக, ஏற்றுமதியாளருக்கு உதவ அரசிடம் வழியிருக்கிறது. சரிவின் பலன் தொழிலாளிக்குச் சேர வழியிருக்கிறதா என்பதே கேள்வி. 2010 வாக்கில் டாலர் 45 ரூபாய் அளவில் இருந்தது. இன்று ஏறத்தாழ இருமடங்கு. ஆனால் பெரிய மென்பொருள் நிறுவனங்களில் புதிதாகச் சேரும் பொறியாளரின் ஆண்டு ஊதியம் இக்காலம் முழுவதும் பெரும்பாலும் மூன்று முதல் நான்கு லட்சம் ரூபாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. கச்சா எண்ணெய்த் தேவையில் எண்பது விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்யும் நாட்டில், சரிவின் சுமையோ எரிபொருள், சமையல் எண்ணெய் வழியாக அவரையும், டாலரைக் கண்ணாலும் காணாத ஆட்டோ ஓட்டுநரையும் ஒருசேர வந்தடைகிறது.

எதிர்க்கட்சியாக இருக்கும்போது ரூபாயின் சரிவை அவமானம் என்பதும், ஆளுங்கட்சியானதும் ஏற்றுமதிக்கு நல்லது என்பதும் டெல்லியில் பழகிப்போன வாதங்கள். நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்பட வேண்டியது டாலரின் விலை எத்தனை ரூபாய் என்பது மட்டுமன்று. அந்த விலைமாற்றத்தின் வரவு யார் கணக்கில் ஏறுகிறது, செலவு யார் தலையில் விழுகிறது என்பதுமாகும்.