மின்னைக் களவாடுவது எது?
மோட்டார்ப் பற்றரி பற்றிச் சில குறிப்புகள்

கார் வைத்திருக்கும் குடும்பத்தினர்க்குக் காலை வேளையில் நேரும் தொல்லைகளுள், சாவியைத் திருப்பியும் எஞ்சின் அசையாதிருப்பதைப் போன்றது பிறிதொன்றில்லை. அயலவர் இருவர் கூடித் தள்ளிப் பார்ப்பர். தானாகக் கியர் மாறும் கார்களோ தள்ளினாலும் இயங்கா. மூன்றாமவர் ஒருவர், "பற்றரி முடிந்துவிட்டது, புதியதைப் போடுங்கள்" என்று தீர்ப்பும் கூறிவிடுவார். தீர்ப்பு விரைவானது, செலவோ பெரிது. படுவான்கரைக் கிராமமொன்றிலிருந்து நள்ளிரவில் நோயாளியை மட்டக்களப்பு வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய வீட்டில் இது வெறுந் தொல்லையாக நின்றுவிடுவதுமில்லை. மின்னைக் களவாடும் கள்வன் காருக்குள்ளேயே இருப்பானாயின், புதிய பற்றரியும் சில நாள்களில் பழையதன் கதியையே அடையும். ஆகவே வாங்குமுன் விசாரித்தல் வேண்டும்.

1859ஆம் ஆண்டில் கஸ்தோன் பிளாந்தே என்னும் பிரெஞ்சு அறிஞர் ஆக்கிய ஈயக் கலத்தின் வழிவந்ததே இன்றும் நம் கார்களில் உள்ள பற்றரி. ஈயத் தகடும் ஈயவீரொட்சைட்டுத் தகடும் ஐதான சல்பூரிக் அமிலத்தில் நிற்கின்றன. மின் வெளியேறும்போது இரு தகடுகளிலும் ஈயசல்பேற்றுப் படிகின்றது. மின்னேற்றும்போது அது மீண்டும் கரைகின்றது. ஆனால் மின்னிழந்த நிலையிலேயே பல நாள் விட்டுவிட்டால், அப்படிவு இறுகிப் பெரும் பளிங்குகளாகிவிடும். பின்னர் எவ்வளவு மின்னேற்றினும் முழுமையாக மீளாது. 2022ஆம் ஆண்டில் எரிபொருளின்றி வாரக்கணக்கில் முற்றத்திலே நின்ற கார்களுக்கு நேர்ந்தது இதுவே. பெற்றோல் வந்தது, பற்றரி வரவில்லை.

குளிர் நாட்டார் பனிக்காலத்திற் பற்றரியைப் பற்றி முறையிடுவர். நமக்குப் பகை வெப்பமே. வெப்பநிலை 10 பாகை செல்சியசு உயர, உள்ளே நிகழும் அரிப்பின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பொதுவான கணக்கு. ஆனி, ஆடியிற் கச்சான் காற்று வீசும் நண்பகலில், வெயிலில் நிற்கும் காரின் முன்மூடிக்குள் என்ன நிகழுமென்று வாசகர் எண்ணிப் பார்க்கலாம். அன்றியும் வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் உப்புக் காற்று முனைகளைப் பச்சையும் வெள்ளையுமாகப் பூக்கச் செய்கின்றது. பற்றரி நன்றாயிருந்தும் மின் பாயாமைக்கு அப்பூப்பு ஒன்றே போதும். அப்பச்சோடாவை வெந்நீரிற் கரைத்து ஊற்றித் துலக்கி, உலர்ந்தபின் சிறிது வசலீன் பூசினால் பல கார்கள் அன்றே உயிர்பெறும்.

கருவியேதுமின்றி ஒரு சோதனை செய்யலாம். முன்விளக்குகளை ஏற்றிக்கொண்டு சாவியைத் திருப்புக. விளக்கு அணைந்துபோகுமாயின் பற்றரி அல்லது அதன் முனை மீதே ஐயம். விளக்கு மங்காது நிற்குமாயின் குறை பெரும்பாலும் ஸ்ராட்டரிலோ அதன் வயரிலோ உள்ளது. மல்ரிமீற்றர் ஒன்று வீட்டில் இருந்தால் இன்னும் நன்று. மாணவர் கையாளக் கற்கவேண்டிய கருவியும் அதுவே. இரவு முழுதும் ஓய்ந்து நின்ற பற்றரி 12.6 வோல்ற் காட்டினால் நிறைவு; 12.2 ஏறத்தாழப் பாதி. 12க்குக் கீழ் வறுமை. எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வரை ஏறவேண்டும். ஏறாதாயின் மின்னேற்றும் ஒல்ரனேற்றரைப் பழுதுபார்க்க வேண்டுமேயன்றிப் பற்றரியை மாற்றிப் பயனில்லை. புளியந்தீவுக்கும் கல்லடிக்கும் இடையே மட்டும் ஓடும் காரில் எல்லாம் சரியாயிருந்தும் பற்றரி இளைக்கலாம். எஞ்சினைத் தொடக்கச் செலவான மின் திரும்பச் சேருமுன் பயணம் முடிந்துவிடுகின்றது.

இனிக் கள்வனைப் பிடிக்கும் முறை. கதவுகளை அடைத்து, சாவியைத் தொலைவில் வைத்துவிட்டு, மறை முனையின் வயரைக் கழற்றி, முனைக்கும் வயருக்கும் இடையே மீற்றரை 10 அம்பியர் அளவில் இணைக்க வேண்டும். காரிலுள்ள கணினிகள் உறங்க அரைமணி நேரமேனும் பொறுத்தல் அவசியம். அந்நேரத்தில் எஞ்சினைத் தொடக்க முயலலாகாது, மீற்றர் பழுதாகும். 50 மில்லி அம்பியருக்குட்பட்ட ஓட்டம் இயல்பு. அதற்கு மிகுமாயின் பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றுக. எதைக் கழற்றுகையில் எண் வீழ்கின்றதோ அவ்வழியிலேதான் களவு. பின்னர்ப் பூட்டிய ரேடியோ, அபாய மணி, கமரா என்பனவே பெரும்பாலும் அகப்படும். 2020 முதல் 2025 வரை கார் இறக்குமதி தடைப்பட்டிருந்தமையால் நம் வீதிகளிற் பழைய கார்களே மிகுதி. அவற்றில் இத்தகைய சேர்க்கைகளும் மிகுதி.

ஒரு கணக்கு. 45 அம்பியர்மணிப் பற்றரியில் 50 மில்லி அம்பியர் கசிந்தால் நாளொன்றுக்கு 1.2 அம்பியர்மணி குறையும். பாதியாக ஏறத்தாழ 19 நாள் செல்லும். பின்பெட்டியில் அணையாத 5 வாற்று விளக்கு ஒன்றோ நாளொன்றுக்கு 10 அம்பியர்மணியை உண்டுவிடும். மூன்றாம் நாள் காலையில் அயலவரை அழைக்கவேண்டியதுதான். சீமெந்துத் தரையில் வைத்தால் பற்றரி இறங்கிவிடும் என்ற பழைய அச்சம் இக்காலப் பிளாஸ்ரிக்குப் பெட்டிகளுக்குப் பொருந்தாது.

இத்தனையும் பார்த்தபின் பற்றரியே குற்றவாளியெனில் மாற்றத்தான் வேண்டும். யப்பானியக் கார்களில் 55பி24எல் என்பது போன்ற எழுத்துகள் காணப்படும். 55 அதன் ஆற்றல் தரம். பி என்பது அகல உயரத் தொகுதி. 24 நீளம், சென்ரிமீற்றரில். எல், ஆர் என்பன முனைகள் எப்பக்கம் என்பதைக் காட்டும். முதல் எண் சற்றுக் கூடினாற் கேடில்லை. ஏனையவை மாறினாற் பெட்டி பொருந்தாது, அல்லது வயர் எட்டாது. கைபிரிட் கார்களில் இன்னுங் கவனம் வேண்டும். பிரியஸ் போன்ற பலவற்றில் 12 வோல்ற் பற்றரி காரின் பின்புறத்தே உள்ளமையால், வாயுவை வெளியே கொண்டுசெல்லும் குழாயுள்ள வகையையே பூட்டவேண்டும். விலை குறைவென்று சாதாரணப் பற்றரியை அங்கே வைப்பது ஆபத்து.

உற்பத்தித் திகதியைக் கேட்டறிக. வெப்பமான கடையில் ஓராண்டு கிடந்த "புதிய" பற்றரி புதியதன்று. வாங்குமுன் மீற்றர் வைத்துப் பார்க்கச் சொல்லுவதில் வெட்கமில்லை. நீரூற்றும் வகையாயின் வடித்த நீரே ஊற்றுக. வாவியோரக் கிணறுகளின் உவர்நீர் தகடுகளுக்கு நஞ்சு. பழைய பற்றரியை வளவிற் போட்டு வைப்பதும் அமிலத்தை வாய்க்காலில் ஊற்றுவதும் கூடா. அவ்வீயம் மழையோடு வாவியைச் சேரும், மீனையுஞ் சேரும். கடையிற் கொடுத்தால் ஈயத்திற்காக அதற்கும் ஒரு தொகை கழிப்பார்கள். விலை பேசும்போதே அதைக் கேட்டுவிடுக. கழற்றும்போது மறை முனையை முதலிலும், பூட்டும்போது இறுதியிலும் தொடுக. பூட்டிய நாளை மேலே எழுதிவைத்தால், உத்தரவாதச் சீட்டைத் தேடும் நாளில் உதவும்.