வீட்டிற்கு ஏற்ற ரௌட்டர்

மும்பையில் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ உள்ள ஒரு மாடிக் குடியிருப்பில் நின்று, கைப்பேசியில் வைஃபை இணைப்புகளின் பட்டியலைத் திறந்து பாருங்கள். நம் வீட்டு இணைப்பின் பெயரோடு அண்டை வீடுகளின் பெயர்களும் வரிசையாகத் தோன்றும். ரேடியோ அலை நம் சுவரோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுவதில்லை. ரௌட்டர் வாங்குவோர் மனத்திற்கொள்ள வேண்டிய முதல் உண்மையும் இதுவே.

மும்பை நகரம் இதனை 2008-ஆம் ஆண்டில் கசப்பான முறையில் உணர்ந்தது. அவ்வாண்டு ஜூலை 26-இல் ஆமதாபாதிலும், செப்டம்பர் 13-இல் டெல்லியிலும் குண்டுகள் வெடித்தன. அவற்றையொட்டி வந்த மின்னஞ்சல்கள், முறையே நவி மும்பையிலும் செம்பூரிலும் இருந்த பிறரது வைஃபை இணைப்புகளின் வழியே அனுப்பப்பட்டவை. இடையே ஆகஸ்டில் வந்த மற்றொன்று மாட்டுங்காவிலிருந்து வந்தது. தடம் பற்றிச் சென்ற காவல்துறையினர் அடைந்தது அனுப்பியவனை அன்று; இணைப்புக்கு உரியவரையே.

ஆதலின் ரௌட்டருக்குப் பூட்டே முதல் தகுதி. டபிள்யூ.ஈ.பி. என்னும் பழைய காப்பு முறையின் பலவீனம் 2001-லேயே வெளிப்பட்டுவிட்டது. 2018-இல் வெளிவந்த டபிள்யூ.பி.ஏ.-3 முறை உள்ள சாதனத்தையே கேட்டு வாங்குக. அதன் மென்பொருளை உற்பத்தியாளர் தொடர்ந்து புதுப்பித்து வருகிறாரா என்பதையும் விசாரித்தறிக. சாதனத்தோடு வரும் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிடுதல் வேண்டும்.

இரண்டாவது, நெரிசல். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றே: 1, 6, 11. பத்து வீடுகள் இவற்றைப் பங்கிட்டால் வேகம் குன்றுவது இயல்பு. 5 கிகாஹெர்ட்ஸ் வரிசையில் தடங்கள் மிகுதி. நம் நாட்டில் 2018-இல் அவ்வரிசை உரிமமின்றிப் பயன்படுத்த விரிவாகத் திறந்துவிடப்பட்டது. இரு வரிசைகளிலும் இயங்கும் ரௌட்டரே நகர வீட்டிற்கு ஏற்றது.

மூன்றாவது, சுவர். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 12.5 சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் அதில் பாதிக்கும் குறைவு. குறுகிய அலை சுவரைக் கடக்கையில் அதிகம் தேய்கிறது. அதனாலேயே அண்டை வீட்டாருக்குத் தொல்லையும் குறைவு. தாராவியின் ஓரறை வீட்டிற்கு விலையுயர்ந்த பெரிய சாதனம் தேவையில்லை. ஆனால் தகரம் அலையைத் திருப்பியனுப்பும். எனவே தகரத் தடுப்புக்கும் இரும்பு பீரோவுக்கும் பின்னால் ரௌட்டரை வைத்தலாகாது. நிமிர்ந்து நிற்கும் ஆண்டெனா பக்கவாட்டிலேயே அலையைப் பரப்பும். ஏணி வைத்த மேல்தளத்திற்கு அலை எட்ட வேண்டுமாயின், ஓர் ஆண்டெனாவைக் கிடையாகச் சாய்க்கலாம். செம்பூரின் பெரிய கான்கிரீட் வீடுகளிலோ, தொலைவிலுள்ள அறைக்குக் கம்பி இழுத்து மற்றொரு சிறு சாதனத்தைப் பொருத்துவது நலம்.

பெட்டியின்மேல் அச்சிட்டுள்ள வேகம் சோதனைக்கூடத்தின் கணக்கு. ஆசிரியர்கள் மாணவரிடம் ஒரு தாளைக் கொடுத்து, வீட்டின் ஒவ்வொரு மூலையிலும் கைப்பேசி காட்டும் வேகத்தைக் குறித்து வரச் செய்யலாம். வாங்க வேண்டியது இன்னது என்பதையும், பல வேளைகளில் புதிதாக எதையும் வாங்கத் தேவையில்லை என்பதையும் அத்தாளே உரைத்துவிடும்.