கன்றின் தொட்டியில் எந்தப் புண்ணாக்கு?

மயிலாப்பூர் மாட வீதிகளை ஒட்டிய சந்துகளில் இன்னும் மாடு வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். மேய்ச்சல் நிலம் கிடையாது. தீவனம் எல்லாம் காசு கொடுத்து வாங்குவதுதான். கறந்த பால் உடனே விலையாகிவிடும் என்பதால், முதலில் குறைவது கன்றின் பங்கு. அந்தக் குறையை செக்கிலும் ஆலையிலும் மிஞ்சும் பொருள்களைக் கொண்டே ஓரளவு ஈடுசெய்யலாம். ஆனால், பசுவுக்கு ஆகிற எல்லாமும் கன்றுக்கு ஆகாது.

வயிற்றுக்குள் என்ன நடக்கிறது?

மாட்டின் வயிற்றில் நான்கு அறைகள். பிறந்த கன்றுக்கு வேலை செய்வது நான்காவது அறை மட்டுமே. குடிக்கும் பால், முதல் அறையைத் தொடாமல் ஒரு மடிப்பு வழியாக நேரே அங்கே போய்விடும். முதல் அறை அப்போது சுருங்கிய சின்னப் பை. தானியமும் புண்ணாக்கும் உள்ளே போனால் நுண்ணுயிர்கள் அவற்றை நொதிக்க வைக்கும். அதில் உண்டாகும் பியூட்டிரிக் அமிலம்தான் பையின் உட்சுவரில் சிறு விரல்கள் போன்ற நீட்சிகளை வளர்க்கிறது. சத்தை உறிஞ்சுபவை அவையே. வைக்கோல் வயிற்றை விரிக்கும். இந்த நீட்சிகளைப் போதிய அளவு வளர்க்காது. இரண்டாவது வாரத்திலேயே கன்றுத் தீவனம் தொடங்கச் சொல்வது இதனால்தான்.

எது, எவ்வளவு?

கடலைப் புண்ணாக்கில் புரதம் 40 சதவீதத்துக்கு மேல். கோதுமைத் தவிட்டில் சுமார் 15. சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகு ருசி கூட்டும். சேலம் வட்டார ஜவ்வரிசி ஆலைகளில் மிஞ்சும் மரவள்ளித் திப்பியில் மாவுச்சத்து நிறைய, புரதம் மிகக் குறைவு. எனவே அது மக்காச்சோளத்தில் ஒரு பங்குக்கு ஈடாகலாம், புண்ணாக்குக்கு ஈடாகாது.

உதாரணத்துக்கு, 100 கிலோ கலவைக்கு உடைத்த மக்காச்சோளம் 45 கிலோ, கடலைப் புண்ணாக்கு 35, கோதுமைத் தவிடு 15, கழிவுப்பாகு 2, தாது உப்புக் கலவை 2, சாதா உப்பு 1. புரதம் ஏறத்தாழ 21 சதவீதம் வரும்.

எதைப் போடக் கூடாது?

பருத்திக்கொட்டையில் காசிப்பால் என்ற நச்சு உண்டு. வளர்ந்த மாட்டின் முதல் அறை அதைத் தாங்கும். இளங்கன்றுக்கு அந்த அறை இன்னும் முழுதாக வளரவில்லை. யூரியா கலந்த தீவனமும் அப்படித்தான். கோயிலுக்கு வருபவர்கள் அன்போடு நீட்டும் சோற்றையும் வாழைப்பழத்தையும் அளவில்லாமல் தின்றால் வயிறு புளித்து கன்று படுத்துவிடும்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து பூஞ்சை. 1960-ல் இங்கிலாந்தில் வான்கோழிக் குஞ்சுகள் ஒரு லட்சத்துக்கும் மேல் செத்தன. தீவனத்தில் இருந்த பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கே காரணம். அஃப்ளாடாக்சின் என்ற நச்சு அப்போதுதான் கண்டறியப்பட்டது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் சென்னைக் கொட்டில்களில் மூட்டையைத் தரையில் போடக் கூடாது. பலகை மேல், சுவரைத் தொடாமல் அடுக்க வேண்டும். புண்ணாக்கு வில்லையை உடைத்துப் பாருங்கள். உள்ளே பச்சையோ கருப்போ படர்ந்திருந்தாலும், முக்கல் வாடை அடித்தாலும் எந்த மாட்டுக்கும் வேண்டாம். பசு தின்றால் அந்த நச்சின் ஒரு பகுதி பாலிலும் இறங்கும்.

எப்படிப் பழக்குவது?

பால் குடித்து முடித்த கையோடு, வாயில் நுரை காய்வதற்குள், ஒரு சிட்டிகைத் தீவனத்தை உதட்டில் தடவுங்கள். கன்று நாக்கைச் சுழற்றி நக்கும். நாலைந்து நாளில் தானே தொட்டியைத் தேடும். மிச்சத்தை அன்றன்றே எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள்.

பக்கத்திலேயே ஒரு வாளித் தண்ணீர் வேண்டும். பால்தான் குடிக்கிறதே என்று பலர் தண்ணீர் வைப்பதில்லை. பால் முதல் அறைக்குப் போவதில்லை. அங்கே தீவனம் நொதிக்கத் தண்ணீர்தான் வேண்டும்.

தொடர்ந்து மூன்று நாள், நாளுக்கு ஒரு கிலோ தின்கிறதா? அப்போது பாலைப் படிப்படியாக நிறுத்தலாம். சந்தேகம் இருந்தால், 1903 முதல் இயங்கும் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இதே ஊரில்தான் இருக்கிறது. கன்றின் பாலை நிறுத்தும் நாளை அதன் தொட்டி சொல்லட்டும். பால் விலை சொல்ல வேண்டாம்.