காலடி மண் – 19: மீன் அரைத்த மணல்

போன வாரம் கோட்டைப்பட்டினத்துச் சேற்றில் முழங்கால் புதைய நின்றபடி நிறுத்தியிருந்தேன். பாக் விரிகுடாவில் அலை ஏன் சோம்பிக் கிடக்கிறது, வண்டல் ஏன் அங்கேயே தங்கிவிடுகிறது என்பதெல்லாம் அப்போதே சொல்லியாயிற்று. தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். இந்த வாரம் மன்னார் வளைகுடாவில் மூழ்கிப்போன இரண்டு தீவுகளைப் பற்றி எழுதுவதாகச் சொன்னேன். பார்க்கலாம்.

அந்தச் சேற்றிலிருந்து என்னைக் கைபிடித்து ஏற்றிவிட்டவர் ஒரு விசைப்படகு டிரைவர். அவர் குடும்பத்தோடு பவளப்பாறை பார்க்கக் கிளம்பினார். வேனில் ஓர் இடம் இருந்தது, என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, விசைப்படகுகள் கரையில்தான் நிற்க வேண்டும். மற்ற மாதங்களில் கோட்டைப்பட்டினம் படகுகளுக்குத் திங்கள், புதன், சனி கடல். இடைப்பட்ட நாள்களில் ஐஸ், டீசல், கிழிந்த வலை, கடன். ஆக, அந்த வீட்டுக்கு உல்லாசப் பயணம் என்று ஒன்று வாய்த்தால் தடைக்காலத்தில்தான். பள்ளி விடுமுறையும் அதே சமயத்தில் வருவது பிள்ளைகளின் யோகம்.

"வருஷம் பூரா கடல்ல கெடக்குறவரு, லீவுக்கும் கடலுக்கே கூட்டிட்டுப் போறாரு பாருங்க" என்று அவர் மனைவி மீமிசல் தாண்டுவதற்குள் சொல்லிவிட்டார். தொண்டி, தேவிபட்டினம், ராமநாதபுரம் என்று நூறு கிலோமீட்டருக்கு மேல் தெற்கே இறங்கி, ஏர்வாடிப் பக்கம் பிச்சைமூப்பன்வலசைக்குப் போனோம். வனத்துறையின் சூழல் சுற்றுலா நடக்கும் இடம். அடியில் கண்ணாடி பதித்த படகில் ஏற்றி, லைஃப் ஜாக்கெட் மாட்டி, பவளப்பாறையின் மேல், மீனவர்கள் மொழியில் பாரின் மேல், கொண்டுபோய் நிறுத்துகிறார்கள்.

படகில் நான் கவனித்தது பவளத்தை அல்ல, டிரைவரை. மற்றவர்கள் மான்கொம்புப் பவளம், மூளைப் பவளம் என்று கூவிக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் கண்ணாடியை முறைத்தபடி உட்கார்ந்திருந்தார். "எங்களுக்குப் பார்னா மடியைக் கிழிக்கிற இடம்ணே. ஜிபிஎஸ்ல குறிச்சு வச்சுட்டு விலகிப் போயிருவோம். கிட்ட நின்னு யாரு பாத்தா?" என்றார். இழுவை மடி பாரில் மாட்டினால் வலையும் நாசம், பவளமும் நாசம். அவருடைய கணக்கில் அதுவரை வலை மட்டும்தான் இருந்தது. "ஏம்பா இது மட்டும் வெள்ளையா இருக்கு?" என்று மகள் ஒரு கிளையைக் காட்டிக் கேட்டாள். வெயில் காலத்தில் கடல் அளவுக்கு மீறிச் சூடானால், பவளத்துக்குச் சோறு போடும் நுண்பாசி அதை விட்டு வெளியேறிவிடும். நிறமும் கூடவே போய்விடும். 2010இலும் 2016இலும் மன்னார் வளைகுடாவில் பெரிய அளவில் இப்படி வெளுத்தது. சூடு தணிந்து பாசி திரும்பினால் பிழைக்கும்; நீடித்தால் சாகும்.

பிறகு மணல் திட்டில் இறக்கிவிட்டார்கள். இந்தத் தொடரின் வாசகர்களுக்கு என் வியாதி தெரியும். பிள்ளைகள் தண்ணீரில் விழ, நான் மண்ணில் விழுந்தேன். கட்டுச்சோற்றுக்காகக் கொண்டுவந்த எலுமிச்சம்பழத்தில் பாதியை வாங்கி ஒரு சிட்டிகை மணலில் பிழிந்தேன். பொசபொசவென்று நுரைத்தது. குவார்ட்ஸ் மணல் எலுமிச்சைக்கு மசியாது. சுண்ணாம்பு மணல்தான் இப்படிப் பொங்கும். பவளமும் சங்கும் சிப்பியும் பொடிந்து வந்த மணல். (அங்கேயே பிழிந்து பாருங்கள், தேசியப் பூங்காப் பகுதியிலிருந்து ஒரு பிடிகூட எடுத்துவராதீர்கள்.)

பொடித்தது யார்? அலை பாதி. மீதிக்கு ஒரு மீன் இருக்கிறது. இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத மீன்.

கிளிமீன். பச்சையும் நீலமும் கலந்த உடம்பு, கிளி அலகு போன்ற வாய். சுமார் ஆயிரம் பற்கள் பதினைந்து வரிசைகளில் ஒட்டி இறுகியதுதான் அந்த அலகு. பெரும்பாலான இனங்கள் செத்த பவளத்தில் படர்ந்த பாசிக்காகத்தான் சுரண்டுகின்றன. கல்லும் சேர்ந்து வாய்க்குள் போகிறது. தொண்டையில் இரண்டாவது தாடை ஒன்று அம்மி போலக் காத்திருக்கிறது. இரைப்பையே கிடையாது. அரைத்ததில் சத்து குடலில் தங்க, மிச்சம் வெள்ளை மணலாக வால்பக்கம் புகைந்து வெளியேறுகிறது.

இதை விடாமல் துருவியவர் சார்லஸ் டார்வின். 1836 ஏப்ரலில், 27 வயதில், இந்தியப் பெருங்கடலின் கீலிங் தீவுகளில் பீகிள் கப்பல் நின்றபோது, இந்த மீன்கள் கூட்டமாகப் பவளத்தை மேய்வதைத் தாம் பலமுறை பார்த்ததாக உள்ளூர்வாசி ஒருவர் சொன்னார். டார்வின் சும்மா தலையாட்டவில்லை. சில மீன்களை அறுத்துக் குடலைப் பிரித்தார். உள்ளே மஞ்சள் நிறச் சுண்ணாம்பு மணல் புடைத்துக் கிடந்தது. ஆறு ஆண்டு கழித்து, 1842இல், பவளப்பாறைகளைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். மாலத்தீவின் வக்காரு தீவில் நடந்த ஆய்வு 2015இல் வெளியானது. அந்தப் பாறையில் புதிதாக உண்டாகும் மணலில் 85 விழுக்காட்டுக்கு மேல் கிளிமீன் உபயம். தேனிலவுக்கு லட்சம் லட்சமாய்க் கொட்டிப் போய்ப் படுக்கிற மணல்! நம் தீவுகளில் அந்தப் பங்கு அவ்வளவு என்று நான் சொல்லவில்லை. வக்காரு வேறு, இது வேறு. ஆனால் அலகும் அரைவையும் ஒன்றுதான்.

திட்டில் இதை விளக்கியதும் பையன் கையிலிருந்த மணலை உதறினான். மகள் உதறவில்லை, "அப்ப நாம ஒக்காந்திருக்கிறது மீன் பீயா?" என்று சத்தமாகக் கேட்டாள். அம்மா அதட்டினார். டிரைவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நம்மூரு சேறே தேவலைன்னு சொல்லுங்க" என்றார்.

ஒதுக்கிய இடம் தீர்ந்தது; ஆசிரியரின் போன் அடிக்கிறது. கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டி, தூத்துக்குடிப் பக்கம் விலாங்குச்சல்லி, இரண்டு தீவுகளும் அடுத்த வாரம் கட்டாயம். அந்தத் தீவுகளின் கதையை மீனில் தொடங்க முடியாது. பவளத்தை வெட்டிக் கரையேற்றி நீற்றிய சுண்ணாம்புக் காளவாயில் தொடங்க வேண்டும்.